மச்சான் பிடித்த கயிறு

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் இந்தத் தொழிலில் வருகிற முதல் பிரச்சினை. கையை மடியில் வைக்கலாம். காலைக் கதிரைக்குக் கீழே மறைக்கலாம். முகத்துக்கு அப்படி ஓர் ஒதுக்கிடம் கிடையாது. எதிரில் இருப்பவர் ஒன்றைச் சொல்லிவிட்டு உடனே அதைத்தான் பார்ப்பார். ஆலோசகரின் முகம் எப்போதும் அமைதியாகவும் கனிவாகவும் இருக்கவேண்டும் என்று நான் படித்த புத்தகங்கள் சொல்லின. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். "என்ன, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று மனைவி கேட்டாள்.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு இப்போது வசதி. செய்கிற வேலைக்கு ஒரு பெயராவது இருக்கிறது. நான் தொடங்கிய அறுபதுகளில் அதுவும் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து ஒரு கன்னியர் மடம். அதன் பின்வளவில், உடைந்த வாங்குப் பலகைகளும் மூக்குப்போன சொரூபம் ஒன்றும் கிடந்த அறையைக் கூட்டித் துடைத்து, ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டார் அங்கிருந்த சிஸ்டர் ஒருவர். வெளிநாட்டில் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் நிறையப் படிப்பவனுக்கு மனிதரையும் விளங்கும் என்று தப்பாகக் கணித்து என்னை அழைத்துக்கொண்டார்.

ஊர் அதைக் 'கதை கேக்கிற அறை' என்றது. அங்கே போனால் விசர் என்று பெயர் வரும் என்ற பயத்தில், எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் மடத்தில் முட்டை வாங்க வந்தவர்களாகவே படலையைத் திறந்தார்கள். மடத்துக் கோழிகள் கொஞ்சம். ஊரின் கவலை நிறைய. முட்டை முடிந்த நாட்களில் சிஸ்டர் சந்தையில் வாங்கி வைத்து விற்றார்.

உங்களுக்கு நான் சொல்லப்போவது ஒருவருடைய கதையை மட்டும். சொல்லலாமா என்று உரியவர்களிடம் கேட்டுவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பின்னேரத்தை நினைத்தால் என் பிடரி குளிர்கிறது. அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

சவிரிமுத்து கயிறு பிடிப்பவர். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் துறைமுகத்துக்குள் மூழ்கிப்போன இரும்பையும் பித்தளையையும் எடுத்து விற்க, கொந்தராத்துக்காரர் ஒருவர் சுழியோடிகளை வைத்திருந்தார். சுழியோடி தலையில் செம்புக் கவசம் பூட்டிக்கொண்டு இறங்குவான். மேலே தோணியிலிருந்து ரப்பர்க் குழாயால் காற்றுப் போகும். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை தோணியில் ஒருவனுடைய கையில். கீழேயிருந்து இரண்டு இழுப்பு வந்தால் 'தூக்கு' என்று அர்த்தம்.

இவர்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்தே இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சுழியோடியின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிக்கவேண்டும். கூடப்பிறந்த தம்பிகூடப் பிடிக்கக்கூடாது. அண்ணன் இல்லாமல் போனால் தம்பிக்குக் காணி வரலாம். மச்சானின் கயிறு நழுவினாலோ தாலி அறுப்பது அவனுடைய சொந்தத் தங்கச்சி. ஆகவே அந்தக் கை அசட்டையாக இருக்காது. காப்புறுதிக் கம்பனியில் வேலைசெய்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு இப்பிடி யோசிக்க ஏலாது" என்று மரியாதையோடு ஒத்துக்கொண்டார்.

சவிரிமுத்து தன் தங்கச்சி திரேசாவின் கணவர் மரியதாசுக்குக் கயிறு பிடித்தார். ஒரு காலையில் மரியதாஸ் இறங்கினார். உயிரில்லாமல் மேலே வந்தார். காற்றுக் குழாய் வெடித்திருந்தது. விசாரணை நடந்தது. குழாய் வெடித்த உடனே மயங்கியிருப்பார், கயிற்றை இழுக்கவும் நேரம் இருந்திராது என்று முடிவாயிற்று. பொலிஸ், கொந்தராத்துக்காரர், பங்குச் சுவாமி, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சவிரிமுத்துவின் தோளில் தட்டி ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "உன்னில ஒரு பிழையும் இல்லை."

அதன் பிறகு அவருடைய வலக்கை மூடவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. துணைக்குப் போய் இருந்த தங்கச்சி வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. சாப்பாட்டை இடக்கையால் அள்ளினார். ஆஸ்பத்திரியில் நரம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். தோப்பூரில் எண்ணெய் போட்டு நீவுகிற பரிசாரியார் ஒருவர் பல நாள் நீவிப் பார்த்துவிட்டு, "வாப்பா, இந்தக் கையில வருத்தம், நோவு ஒண்டும் இல்ல" என்று அனுப்பிவிட்டார். ஒரு பின்னேரம் திரேசா கடற்கரைக்கு அவரைத் தேடிப் போனார். தோணியின் நங்கூரக் கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். ஒரு கை வேலைசெய்யாததால் முடிச்சு விழவில்லை. அதனால்தான் உயிரோடு இருந்தார்.

அடுத்தநாள் எங்கள் படலையைத் திறந்தார்கள்.

"நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, மாஸ்டர். ஆரோடயும் கதைக்கிறதும் இல்லை" என்றார் திரேசா. சேலைத் தலைப்பால் காதுகளை மூடியிருந்தார்.

"அவர் சொல்லட்டும்."

"அவர் சொல்லமாட்டார். அதாலதான் நான் சொல்லுறன்."

ஒருவாறு அவரை முற்றத்து வாங்கில் இருக்கச் சொல்லி அனுப்பினேன். யன்னலால் பார்த்தால் தெரிகிற இடம். பிறகு சவிரிமுத்துவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கனிவான முகத்தை அணிந்துகொண்டேன். அவர் தன் வலக்கையை மேசைமேல், யாரோ மறந்துவிட்டுப்போன சாமான்போல, வைத்திருந்தார்.

"எல்லாரும் என்னில பிழை இல்லை எண்டு சொல்லிப்போட்டினம்" என்றார் கடைசியில். "பொலிஸ் சொன்னது. சுவாமி சொன்னவர். நீங்களும் அதைத்தானே சொல்லப்போறியள்?"

அந்த வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை விழுங்கினேன்.

"இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் சொன்னால் கேக்கிறன்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி இருப்பம்."

"சும்மா இருக்கிறதுக்கு உங்களுக்குச் சம்பளம் தாறவையோ?"

"தாறவை. சும்மா இருக்கிற அளவுக்குத்தான்."

மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும். பாரைமீன் ஓடும் காலத்தைப் பற்றிச் சொன்னார். சீனன்குடாவில் இறங்கும் விமானங்களின் சத்தத்துக்குக் கணவாய் மீன்கள் கலைவதைச் சொன்னார். கொந்தராத்துக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம், முழங்கால் அளவுக்கு மேல் இறங்கமாட்டார் என்பதைச் சொன்னார். மரியதாசின் பெயர் மட்டும் வரவில்லை. வாரா வாரம் திரேசா வெளியே வாங்கில் இருந்தார்.

நான் பொறுமை இழந்து சிஸ்டரிடம் போனேன். "அவரில பிழை இல்லை எண்டதை நானும் ஒருக்கா எடுத்துச் சொன்னால் என்ன? ஆள் கல்லைக் கட்டினவர். எனக்குப் பயமாயிருக்கு" என்றேன்.

கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஊரே அந்தக் கதவைச் சாத்திப்போட்டுது. நீரும் போய் ஆணி அடிக்கப்போறீரோ?"

அதோடு தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்னுடைய தொழிற்பயிற்சி முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அது ஓயும்வரை சவிரிமுத்து காத்திருந்தார்.

"மாஸ்டர், இழுப்பு வந்தது."

கதிரையை மேசையோடு நெருக்கினேன்.

"வரேல்ல எண்டு எல்லாரும் தாங்களாச் சொல்லிச்சினம். நானும் ஓம் எண்டனான். பொய். வந்தது. ரெண்டு இழுப்பு. நல்லா விளங்கினது."

"விளங்கினது."

"முதல்நாள் திரேசா வீட்டை போனனான். குசினிக்குள்ள முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு நிண்டாள். காது கிழிஞ்சு கிடந்தது. தோட்டைப் பிடிச்சு இழுத்திருக்கிறான். கேட்டதுக்கு, கொடிக்கம்பியில கொழுவுப்பட்டது எண்டாள். அது முதல்தரம் இல்லை, மாஸ்டர். நான் ஒண்டும் பேசேல்ல. விடிய அவனைத் தோணியில ஏத்திக் கவசத்தைப் பூட்டினனான். இடுப்பில கயிறும் நான்தான் கட்டினனான். இழுப்பு வந்த உடன எனக்கு அந்தக் காதுதான் கண்ணுக்குள்ள வந்தது. கிடக்கட்டும் எண்டு நினைச்சன். சாகட்டும் எண்டு இல்லை. சத்தியமா, சாகட்டும் எண்டு இல்லை. கொஞ்சம் பயப்படட்டும். அவளும் இப்பிடித்தானே பயந்திருப்பாள். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுற நேரம். சொன்னனான், வாய்க்குள்ள. கை மட்டும் இழுக்கேல்ல. சொல்லி முடிஞ்சு இழுத்தன். பாரம் வேற மாதிரி இருந்தது."

தம்பி தங்கைமாரே, நான் படித்த புத்தகங்களில் இந்த இடத்துக்கென்று ஒரு பக்கமும் கிடையாது. வெயில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது. அந்த வழக்கத்தை ஏற்படுத்திய பழைய ஆட்கள் எவ்வளவோ யோசித்தவர்கள். தம்பியை நம்பாதே, மச்சானை நம்பு என்றார்கள். சுழியோடி தன் மனைவியை அடிக்கிறவனாக இருந்தால் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தங்கச்சிமேல் உள்ள பாசத்தை நம்பித்தானே உயிரை அந்தக் கையில் கொடுத்தார்கள். அதே பாசம் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

எனக்குள் பல வசனங்கள் முண்டியடித்தன. 'அந்த நேரமே இழுத்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார்.' உண்மையாகவும் இருக்கலாம். குழாய் வெடித்தபின் எவ்வளவு நேரம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அது ஊர் சொன்ன அதே வசனம்தான், கொஞ்சம் நல்ல உடுப்புப் போட்டிருந்தது. 'இதைப் பொலிசுக்குச் சொல்லவேண்டுமா?' என்றும் ஒன்று வந்தது. ஒரு செபத்தின் நீளத்துக்குச் சட்டம் என்ன பெயர் வைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. எழும்பி வெளியே போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு வரலாமா என்றும் தோன்றியது. வெட்கம்தான், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பலமாகத் தோன்றியது.

"உங்கட முகம் மாறிட்டுது" என்றார் சவிரிமுத்து.

கண்ணாடி முன்னால் பழகிய முகம் எங்கே போனதோ தெரியாது. மறுத்திருந்தால் அவர் அதோடு எழும்பியிருப்பார்.

"ஓம், மாறினதுதான். கேட்டுப் பயந்துபோனன். எண்டாலும் நான் இஞ்சதான் இருக்கிறன்."

அவர் எழும்பவில்லை. பிறகு சொன்னார்: "சுவாமிக்கும் சொல்லேல்ல. பாவசங்கீர்த்தனத்தில சொன்னால் அவர் மன்னிச்சுப்போடுவார் எண்டு பயம்."

மன்னிப்பு கிடைக்காது என்று பயப்பட்டவர்களை அதற்கு முன் நிறையக் கண்டிருக்கிறேன். இப்படி ஒருவரைக் கண்டதில்லை.

"திரேசாவுக்குச் சொல்லவேணும்" என்றார். "என்ர வாயால ஏலாது. நீங்கள் படிச்சனீங்கள், பக்குவமாச் சொல்லுவியள். சொல்லிவிடுங்கோ. நான் பின்படலையால போறன்."

பின்படலைக்கு அப்பால் கடல் மட்டும்தான். அவரும் அதை மறைக்கவில்லை. வாங்கில் இருந்த திரேசாவை யன்னலால் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் தாய். இனி அவருக்கு இருக்கிற ஒரே ஆண்துணை இந்த மனிதர். நான் பக்குவமாகச் சொன்னால் என் கடமை முடியும், ஒருவர் சாவார். சொல்ல மறுத்து அவரைப் போகவிட்டாலும் சாவார். உள்ளே அழைத்து அவரையே சொல்ல வைத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது அது ஒன்றுதான்.

"நான் சொல்லமாட்டன். அது உங்கட கதை" என்றேன். "நீங்கள் சொல்லுறதெண்டால் பக்கத்தில இருப்பன். பின்படலையால போறதெண்டால் நானும் வருவன். எனக்கு நீந்தத் தெரியாது. அதையும் யோசியுங்கோ."

"மாஸ்டருக்கு விசர்."

"ஊரும் அப்பிடித்தான் சொல்லுது."

அவர் தன் கையைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். "கூப்பிடுங்கோ அவளை" என்றார்.

வாசலில் நின்றே கூப்பிட்டேன். அவரைத் தனியே விட்டு முற்றம்வரை போக எனக்குத் துணிவில்லை. திரேசா வந்ததும் சொன்னேன்: "உங்கட அண்ணை ஒரு விசயம் சொல்லப்போறார். பாரமான விசயம். கேக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம்."

"அதுக்காகத்தானே மாஸ்டர் இவ்வளவு நாளும் இந்த வாங்கில இருக்கிறன்."

அறையில் இருந்தது இரண்டு கதிரை. என்னுடையதை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோடு நின்றேன். சவிரிமுத்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. காதைச் சொன்னார், இரண்டு இழுப்பைச் சொன்னார், செபத்தைச் சொன்னார். சொல்லி முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார், அடி விழட்டும் என்பதுபோல.

திரேசா அழவில்லை. கத்தவில்லை. சேலைத் தலைப்பு காதிலிருந்து நழுவியதையும் கவனிக்கவில்லை. அந்தக் காதுச் சோணை ஒட்டாமல், இரண்டு நுனியாகத் தொங்கியது.

"அண்டைக்குக் காலமை நான் மாதாவுக்கு நேர்ந்தனான்" என்றார்.

"என்னெண்டு?" என்று சவிரிமுத்து நிமிர்ந்தார்.

"அந்தாள் திரும்பி வரக்கூடாது எண்டு. மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில நிண்டு கேட்டனான். மத்தியானம் நீங்கள் படலையில தனிய வந்து நிக்கிறியள். மாதா கேட்டிட்டா எண்டு விளங்கிச்சுது. உங்கட கை ஏலாமல் போனதும் என்ர நேர்த்தியாலதான் எண்டு நினைச்சன். என்னைத் தண்டிக்க உங்கட கையை எடுத்துப்போட்டா எண்டு. அதாலதான் உங்களை இழுத்துக்கொண்டு எல்லா இடமும் திரியிறன்."

மாதக்கணக்காக அந்த யன்னலால் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் அவர் 'கூட வந்தவர்'. கூட வருகிறவர்களுக்கு வாங்கு, வருத்தக்காரருக்குக் கதிரை என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். ஒரே சாவை ஒரே வீட்டில் இரண்டு பேர் தாங்கள்தான் செய்ததாக நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஊர் சொன்னது ஒரே ஆறுதல்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார் சவிரிமுத்து.

"நீ சொன்னியோ?"

அண்ணனை அவர் 'நீ' என்றதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"நான் இனி இருந்து என்ன, திரேசா. செய்ததுக்கு நான் போறதுதான்..."

"போ!" என்று எழும்பினார் திரேசா. கதிரை பின்னால் விழுந்தது. "போய்ச் சாவு. கல்லு அங்கதான் கிடக்கு. முடிச்சுப் போட ஏலாட்டி நான் வந்து போட்டுவிடுறன். செத்தால் உனக்குச் சுகம். எனக்கு? இதைக் கதைக்க இந்த உலகத்தில எனக்கு வேற ஆர் இருக்கினம்? சொல்லு, ஆர் இருக்கினம்?"

சாக நினைக்கிறவரிடம் இப்படி ஒரு சொல் சொல்லலாமா? நீங்களும் நானும் ஒருநாளும் சொல்லக்கூடாது. நான் இடையில் பாய ஓரடி எடுத்தும் வைத்துவிட்டேன். சவிரிமுத்துவின் முகத்தைப் பார்த்து அந்தக் காலை அப்படியே நிறுத்தினேன். எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லி அசையாத முகம் உடைந்து, மேசையில் நெற்றியை வைத்து, அந்த ஆள் வாய்விட்டு அழுதார். திரேசா அவரைத் தொடவில்லை. விழுந்த கதிரையை நிமிர்த்தி, கிட்ட இழுத்துப் போட்டு, இருந்தார். இந்த உலகத்தில் தனக்கு யாரும் இல்லை என்று அவர் சொன்னபோது, கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவன் பக்கத்தில் நின்றதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர் எடுக்காதது சரி என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கை மூடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு கோப்பையைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. கயிற்றை அவர் பிறகு தொடவில்லை. திரேசாவுக்கு நாங்கள் மூன்றாவதாக ஒரு கதிரை தேடினோம். அடுத்து வந்த நாட்களில் அவர்கள் இருவரும் கதைத்தார்கள், நான் இடையிடையே தலையாட்டினேன். சில நாட்களில் அதுவும் தேவைப்படவில்லை. சவிரிமுத்து இன்றும் கந்தளாயில் இருக்கிறார், ஒரு களஞ்சியத்துக்குக் காவல். இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது, "எழுதுங்கோ" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, அந்த ஊர் நுளம்புக்கடியைப் பற்றி மிச்சப் பொழுதெல்லாம் முறையிட்டார். அவர் குறைசொல்வதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அவர்கள் கந்தளாய்க்குக் குடிபோக முன்னம் கடைசியாக அறைக்கு வந்தார்கள். ஏதோ வாக்குவாதப்பட்டுக்கொண்டே படலையைத் திறந்தார்கள்.

"இனி நாங்கள் வரமாட்டம், மாஸ்டர்" என்றார் திரேசா.

"ஏன், இஞ்ச ஏதும் பிழையோ?" என்று கேட்டேன். மனம் கொஞ்சம் சுணங்கியது உண்மை.

"ஒண்டும் இல்லை. பிள்ளையள் படுத்தாப்பிறகு குசினிக்குள்ள இருந்து நாங்களே கதைக்கிறம். சண்டையும் பிடிக்கிறம். குறை நினைக்கவேண்டாம்," என்றார், "நீங்கள் இல்லாமலும் ஏலுது."